எடைச் சீட்டு சொல்லாத கணக்கு

மதுரை ஜங்ஷனில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஏறி நின்றால் கலர் விளக்குகள் மினுக்கும், வட்டத் தகடு சுற்றும். அது நின்றதும் காசு போட்டால் கடக்கென்று ஒரு அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். என் மச்சான் (மனைவியின் அண்ணன்) மதுரை போகும்போதெல்லாம் அதில் ஏறுவார். சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவருக்கு நம்பிக்கை எடையில்தான், ஜோசியத்தில் இல்லை.

பிற்காலத்தில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அவருடைய இடது சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தது. புற்றுநோய். ஆபரேஷன் செய்து அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் 84 கிலோ 69 ஆனது. மண்டபம் ஸ்டேஷனில் இறங்கியவரைப் பார்த்து, "தொந்தியெல்லாம் போச்சே மச்சான், மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றேன். சிரித்தார். வீட்டிலும் சந்தோஷம்தான். பத்தியம் என்று நாங்களாகவே மீனையும் முட்டையையும் நிறுத்தி, கஞ்சியும் ரசமுமாக ஓட்டினோம். 1949-லேயே மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்து இறங்கிய ஊர் எங்கள் மண்டபம் முகாம். அங்கே ஒருவருக்கு மீனை மறுத்தோம்!

மறு வருடம் நோய் நுரையீரலுக்குப் போனது. மாத்திரையை அவர் உடம்பு தாங்கவில்லை. போய்விட்டார். நான் சொன்ன அந்தப் பாராட்டு இன்றும் என்னை உறுத்துகிறது. ஓய்வுபெற்ற பின் எடையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதனால்தான்.

உடம்பை மதிப்பிடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, இலங்கைக்கு ரயிலும் கப்பலுமாக வழி உண்டானபின், தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில்தான் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்தபின் தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். உடம்பு உழைப்புக்கு ஆகுமா என்பதுதான் அங்கே கேள்வி. எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்பது யாருடைய கேள்வியும் அல்ல.

இன்று டாக்டர்கள் போடும் உயர எடைக் கணக்கு எங்கிருந்து வந்தது? அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக்காரரிடமிருந்து. 1830-களில் அதைச் சொன்னவர். அவர் டாக்டர் அல்ல, வானியல் அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடியவர், நோயாளியைப் பற்றி நினைக்காதவர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். பின்னர் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் தேவைக்கு எடை அட்டவணைகள் போட்டன. 1972-ல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ், ஐந்து நாடுகளில் 7,400-க்கு மேற்பட்ட ஆண்களை அளந்து பார்த்து, கெட்லேயின் கணக்குக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். அந்த ஐந்து நாடுகளில் இந்தியா இல்லை. பெண்களும் இல்லை.

இந்தியா இல்லாததன் விளைவு 2004-ல் ஒரு படமாகவே வந்தது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்வைக்கு இருவரும் ஒல்லி! எடை இயந்திரம் கொழுப்பையும் தசையையும் ஒரே தட்டில் போட்டு நிறுக்கிறது.

சிறுநீரகப் புற்றுநோயில் இந்தக் குழப்பம் விசித்திரமாகவே ஆனது. உடல் பருமன் இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொன்னது. ஆனால் நோய் பரவியபின் நடந்தது நேர் எதிர். சுமார் 2,000 நோயாளிகளின் தகவலைச் சேர்த்து 2016-ல் வெளியான ஆய்வில், பி.எம்.ஐ. 25-க்கு மேல் இருந்தவர்கள் இடைநிலைக் கணக்கில் 25.6 மாதமும், குறைவாக இருந்தவர்கள் 17.1 மாதமும் உயிரோடு இருந்தார்கள். நோயைக் கொண்டுவந்த கொழுப்பே காப்பாற்றுகிறதா? இதில் டாக்டர்களிடையே இன்னும் விவாதம் இருக்கிறது. எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இது: பலருக்கு எடை குறைந்ததே நோய் தின்றதால்தான். குறைந்த எடை, முற்றிய நோயின் அடையாளம்.

முடிச்சை அவிழ்க்க உதவியது சி.டி. ஸ்கேன். 1971 அக்டோபரில் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தது. கட்டி தேடத்தான் அது பிறந்தது. ஆனால் இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பருகே எடுத்த ஒரே குறுக்குவெட்டுப் படத்தில், உடம்பு முழுவதிலும் எவ்வளவு தசை என்று கணக்கிடலாம் எனப் பின்னர் கண்டார்கள். தசை குறைவுக்கு 'சார்கோபீனியா' என்ற பெயரே 1989-ல் வந்ததுதான். பருமனான புற்றுநோயாளிகளிலும் தசை தேய்ந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்று 2008-ல் கனடா ஆய்வு காட்டியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு சொராஃபெனிப் மாத்திரை சாப்பிட்டவர்களை 2010-ல் பிரான்ஸில் ஆராய்ந்தபோது, எடையும் தசையும் குறைந்தவர்களையே பக்கவிளைவுகள் கடுமையாகத் தாக்கின என்று தெரிந்தது.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். மச்சான் இழந்த 15 கிலோவில் எவ்வளவு தொந்தி, எவ்வளவு தசை என்று யார் பார்த்தோம்? நோய் தின்றது பாதி, எங்கள் பத்தியம் தின்றது பாதியாக இருக்கலாம். சிறுநீரகம் ஒன்றே உள்ளவர் எதைச் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவருடைய ஸ்கேன் பிலிம் இன்னும் எங்கள் பீரோ மேல் இருக்கிறது. போன வாரம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டியை அப்போதே காட்டினார்கள், அது தெரிந்தது. முதுகெலும்பின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் இரண்டு திட்டுகள். அதுதான் தசை. அருகில் ரப்பர் பேண்ட் அறுந்துபோன எடைச் சீட்டுக் கட்டு. மேலே இருந்த சீட்டின் பின்பக்கம் நல்ல காலம் வருகிறது என்று இருந்தது.