தாமதத்தை ஆராய்ந்த பேராசிரியர்



மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்னும் மூன்று சொற்களுக்குள் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துரைப்பது அரிது. ஆதலால், நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியாற்றிய பேராசிரியர் ஒருவரின் ஆய்வுப் பயணத்தை இங்கே எழுத விழைகிறேன். அவர் முனைவர் முரளி சாம்பசிவன். அவர்தம் துறை செயற்பாட்டு மேலாண்மை.

பெயர் புதிதாகத் தோன்றலாம். பொருள் நமக்குப் பழையதே. எதை, எங்கே, எப்பொழுது, எவ்வளவு செய்வது? செய்ததை எங்கே வைப்பது? உரிய நேரத்தில் எப்படிக் கொண்டு சேர்ப்பது? இவற்றை ஆராய்வதே இத்துறை. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் செங்கற்சூளைகள் எரிந்தன. 1901-இல் இன்றைய கிள்ளான் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. இருப்புப்பாதையிலும் துறைமுகத்திலும் உழைத்த நம் முன்னோர் மேற்கண்ட கேள்விகளுக்கு அன்றாடம் கைகளால் விடை கண்டவர்கள். கணிதத்தால் விடை காணும் முயற்சி பின்னரே வளர்ந்தது.

1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கர், ஒரு தடவையில் எத்தனை பொருள்களைச் செய்வது இலாபகரமானது என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்தார். அவர் உயர்நிலைப்பள்ளிக்கு மேல் முறையாகப் பயிலாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1958-இல் வாக்னர், விட்டின் ஆகிய இருவரும், தேவை காலத்துக்குக் காலம் மாறும்போது அதே கணக்கை எப்படித் தீர்ப்பது என்று காட்டினர்.

முரளி சாம்பசிவன் இந்த மரபில் வந்தவர். 1994-இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, பல ஆலைகள், பல பொருள்கள், பல காலக்கட்டங்கள் கொண்ட உற்பத்தியைத் திட்டமிடுவது பற்றியது.

தீபாவளி முறுக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். கிள்ளானில் அக்காள் வீடும் பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீடும் இருக்கின்றன. அடுப்பு மூட்டி, எண்ணெய் காய வைத்து, அச்சைத் தயார் செய்யும் வேலை ஒரு கிலோவுக்கும் பத்துக் கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரே நாளில் அதிகம் சுடுவது நன்று. ஆனால் முன்கூட்டியே சுட்டால் டின்களுக்கு இடம் வேண்டும். முறுக்கும் நமத்துப் போகும். ஒரு வீட்டில் சுட்டு மற்றொரு வீட்டுக்கு அனுப்பலாம். அதற்கோ போக்குவரத்துச் செலவு உண்டு. இரண்டு வீட்டுக்கே இவ்வளவு சிந்தனை வேண்டும். ஐந்து ஆலைகள், இருபது பொருள்கள், பன்னிரண்டு மாதங்கள் என்றால், 'இம்மாதம் இவ்வாலையில் இப்பொருளைச் செய்வதா, வேண்டாமா?' என்னும் கேள்வி மட்டுமே 1,200 தடவை எழும்.

செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்திலும் அவர் இச்சிக்கலைக் கைவிடவில்லை. 2002-இல் ஒரு கட்டுரையும் 2005-இல் மற்றொரு கட்டுரையும் வெளிவந்தன. பின்னதற்குத் தூண்டுகோலாக இருந்தது உருட்டு எஃகுப் பொருள்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கல். ஆலையின் கொள்திறன் என்னும் கட்டுப்பாட்டை முதலில் தளர்த்தி, அதை மீறுவதற்கு ஒரு விலை வைத்து, கிடைத்த விடையைப் பின்னர்ச் சீர்செய்யும் முறையை அக்கட்டுரை கையாண்டது. ஆய்வேட்டுக்கும் இக்கட்டுரைக்கும் இடையே பதினோர் ஆண்டுகள்! ஒரே கேள்வியோடு இத்தனை காலம் வாழ்வதும் கல்வியே.

2007-இல் அவர் பார்வை தொழிற்சாலையிலிருந்து கட்டுமானக் களத்துக்குத் திரும்பியது. மலேசியக் கட்டுமானத் துறையின் தாமதங்களைப் பற்றி இணையாசிரியர் ஒருவருடன் அவர் எழுதிய ஆய்வு, உலகெங்கும் பலரால் மேற்கோள் காட்டப்படுகிறது. 2005-இல் 417 அரசாங்கக் கட்டுமானத் திட்டங்களுள் 17.3 விழுக்காடு, மூன்று மாதங்களுக்கு மேல் தாமதமானவை அல்லது கைவிடப்பட்டவை என்னும் செய்தியே அதன் தொடக்கம்.

தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரிவோருக்கு இவ்வேதனை புதிதன்று. நான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் புதிய கட்டடம் குறித்த நாளில் முடியவில்லை. ஒரே வகுப்பறையைத் தடுப்புப் பலகையால் பிரித்து இரண்டு வகுப்புகளை நடத்தினோம். பெற்றோர் குத்தகையாளரைக் குறை கூறினர். குத்தகையாளரோ பணம் வரவில்லை என்றார். ஒருவரையொருவர் சுட்டியதில் பிள்ளைகளின் ஓராண்டு கழிந்தது.

அவ்வாய்வு செய்தது என்ன? கட்டுவிப்போர், ஆலோசகர், குத்தகையாளர் ஆகிய மூன்று தரப்பினரிடமும் கேள்வித்தாள் கொடுத்தது. ஏறத்தாழ 150 பேர் பதிலளித்தனர். 28 காரணங்கள் இனங்காணப்பட்டன. முதன்மையான பத்தில் குத்தகையாளரின் சரியற்ற திட்டமிடலும் மோசமான களமேலாண்மையும் முன்னிற்கின்றன. அதே பத்தில் கட்டுவிப்போர் உரிய பணம் வழங்காமை, பொருள் பற்றாக்குறை, தரப்பினரிடையே தொடர்பின்மை ஆகியவையும் உள்ளன. இவை பதிலளித்தோரின் மதிப்பீடுகளே. களப் பதிவேடுகளின் அளவீடுகள் அல்ல. ஆயினும் பழி சுமத்துவதற்கும் காரணம் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுவது கடினம். கோபம் ஒருவரைத் தேடுகிறது. ஆய்வு மூவரையும் கேட்கிறது.

பின்னர் அவர் சுபாங் ஜெயாவிலுள்ள டெய்லர்ஸ் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். மதுரை தியாகராஜர் மேலாண்மைக் கல்லூரியின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார்.

பெற்றோர்களே, துறைமுகத்திலோ கிடங்கிலோ லாரியிலோ நீங்கள் பணிபுரிபவராயின், உங்கள் வேலையைப் பற்றி வீட்டில் பேசுங்கள். சரக்கு ஏன் தேங்குகிறது, வண்டி ஏன் வெறுமையாகத் திரும்புகிறது என்பவை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்விகள். ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த முறுக்குக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். விடையை விட, அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள்.