தென்னகத்தின் முதல் வாயில்: இராயபுரம் நிலையத்தின் ஏற்றமும் இறக்கமும்

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகப் புகழ்பெற்ற கொற்கை இன்று கடற்கரை ஊர் அன்று. தாமிரபரணி ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்து குவித்த வண்டலால் கடல் பல கிலோமீட்டர் தொலைவு விலகிச் சென்றுவிட்டது. மரக்கலங்கள் நின்ற இடத்தில் இன்று வயல்கள் விளைகின்றன. கொற்கையை எந்தப் பகைவரும் எரியூட்டவில்லை. வழி மாறியது, வாயில் தூர்ந்தது. அவ்வளவே.

இருப்புப்பாதைக் காலத்திலும் நமக்கு ஒரு கொற்கை உண்டு. அதுவே சென்னையின் வடபகுதியில் கடலோரமாக நிற்கும் இராயபுரம் நிலையம். தமிழகத்தினின்று வடபுலம் வந்து குடியேறிய குடும்பத்தார் எவரிடமேனும், "எந்த நிலையத்தில் வண்டி ஏறி வந்தீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலோர் சென்ட்ரல் என்பர், சிலர் எழும்பூரையும் சேர்த்துச் சொல்வர். இராயபுரம் என்று சொல்வார் இல்லை. ஆயினும் தென்னிந்தியாவின் முதல் பயணியர் வண்டி புறப்பட்ட இடம் அதுவே. சென்னையையும் பம்பாயையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவுற்ற 1871-ஆம் ஆண்டில் சென்ட்ரல் நிலையம் பிறக்கவே இல்லை. அந்நிலையம் எவ்வாறு ஏற்றம் பெற்றது, எதனால் இறங்கியது என்பதை எண்ணிப் பார்ப்பது, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு உரிய கடமையாகும்.

தோற்றம்

இந்திய மண்ணில் முதல் பயணியர் வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடியது. அடுத்த ஆண்டே ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி ஓடலாயிற்று. சென்னை மூன்றாவதாக வந்தது. ஆயினும் எண்ணம் இங்கும் முற்பட்டதே. சென்னை இருப்புப்பாதைக் கம்பெனி 1845-ஆம் ஆண்டிலேயே தோன்றி, முதல் முயற்சியில் நிலைபெறாமல் கலைந்து, 1850-களின் தொடக்கத்தில் மீண்டும் உருப்பெற்றது. 1853-இல் பாதைப் பணி தொடங்கியது.

அக்காலத்து முறை குறிப்பிடத்தக்கது. இலண்டனில் பணம் முதலிட்டவர்க்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து என்னும் அளவில் வருவாய் உண்டு என ஆட்சியாளர் உறுதி கூறினர். அந்த அளவுக்கு வண்டி ஈட்டாவிடில், குறையை இந்தியக் குடிகளின் வரிப்பணம் நிறைவு செய்தது. நிலமும் விலையின்றி வழங்கப்பட்டது. ஆதாயம் வந்தால் கம்பெனிக்கு, இழப்பு வந்தால் குடிகளுக்கு என்பதே இதன் பொருள். இராயபுரத்துத் தூண்களின் அடியில் நம் முன்னோரின் வரிப்பணமும் கிடக்கிறது என்பதை மறத்தலாகாது.

முனையத்துக்கு இராயபுரத்தைத் தேர்ந்தெடுத்ததும் காரணமின்றி அன்று. அந்நாளைய சென்னையின் வாணிகம் முழுவதும் ஜார்ஜ் கோட்டைக்கும் அதன் வடக்கே இருந்த கறுப்பர் நகரத்துக்கும் உள்ளே அடங்கியிருந்தது. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப்பட்ட அந்நகரத்தைச் சுற்றி மதில் இருந்தது. மதிலுக்கு வடக்கே, கடலுக்கு அருகில், திறந்த நிலமாகக் கிடந்தது இராயபுரம். இராயப்பர் என்பது கிறித்தவரின் புனித பேதுருவுக்குத் தமிழில் வழங்கும் பெயர். அப்பெயராலேயே ஊரும் வழங்கியது. படகோட்டிகளும் மீனவரும் வாழ்ந்த ஊர் அது. சென்னைக்கு அன்று துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கையும் மனிதரையும் கரை சேர்த்தன. படகினின்று இறங்கும் சரக்கு நேரே வண்டியேறத்தக்க இடமாக இராயபுரம் அமைந்தது. கடல் வழியும் நில வழியும் கைகோக்கும் இடத்தில் அன்றி வேறெங்கு வாயிலை வைப்பர்?

வில்லியம் அடெல்பி டிரேசி என்பவர் வகுத்த வரைவின்படி, மேலைநாட்டுப் பழம்பாணித் தூண்கள் அணிவகுக்கும் மாளிகையாக நிலையம் எழுந்தது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதனைத் திறந்து வைத்தார். ஆளுநரும் ஏறத்தாழ 300 விருந்தினரும் ஏறிய வண்டி, அன்று ஆர்க்காடு எனப்பட்ட வாலாஜா சாலை வரை, ஏறக்குறைய 65 மைல் தொலைவு ஓடியது. அதே நாளில் மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை சென்றது. ஜூலை 1 முதல் பொதுமக்கள் பயணம் தொடங்கிற்று. மாட்டுவண்டியில் மூன்று நான்கு நாள் நடந்த வழியைச் சில மணி நேரத்தில் கடக்கலாயினர். சாதி பார்க்கும் நாட்டில் ஒரே பெட்டியில் மக்கள் சேர்ந்து அமர்வரோ என்று ஐயுற்ற ஆங்கிலேயர் உண்டு. மக்களோ மூன்றாம் வகுப்பை நிரப்பி அந்த ஐயத்தைத் தீர்த்தனர். இந்திய இருப்புப்பாதைகளின் பயணியர் வருவாயில் பெரும்பங்கு அந்த மூன்றாம் வகுப்பினர் தந்ததே.

ஏற்றம்

அடுத்த பதினைந்து ஆண்டுகள் இராயபுரத்தின் பொற்காலம் எனலாம். பாதை மேற்கே வளர்ந்து 1862-இல் மலையாளக் கரையின் பேப்பூரை எட்டியது. வங்காள விரிகுடாவும் அரபிக் கடலும் இரும்பால் இணைந்தன. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறந்தது. அரக்கோணத்தில் பிரிந்த வடமேற்குப் பாதை கடப்பை, குந்தக்கல் வழியாக இராய்ச்சூரை அடைந்து, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு 1871-இல் கூடியது. போர்க்கணவாயின் குகைகளைக் கடந்து, பூனா, சோலாப்பூர் வழியாக வந்த பாதை அது. நடந்தோ கப்பலேறியோ அன்றிப் பம்பாய் செல்ல இயலாத தமிழனுக்கு அந்த ஆண்டில் ஒரு புதிய திசை திறந்தது.

அப்பாதை வழியே பிற்காலத்தில் சென்றவர் யாவர்? எழுதத் தெரிந்தவர் அலுவலகப் பணி நாடிச் சென்றனர். தோல் பதனிடும் தொழில் அறிந்தவர் தாராவியின் சதுப்பு நிலத்தில் குடியேறினர். வடஆர்க்காட்டு உழவர் பெங்களூர்ப் பாதையில் ஏறிக் கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குள் இறங்கினர். அவர்கள் அனைவரும் இராயபுரத்தில் ஏறியவர் அல்லர். வழியிடை நிலையங்களில் ஏறியவர் பலர். எனினும் அவர்கள் கால் பதித்த வழியின் முதற்கல் இராயபுரத்தில் நட்டதே.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அவ்வழியின் இருமுகமும் வெளிப்பட்டன. பிற நாட்டினின்று கப்பலில் வந்த நெல் மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலையாய்க் குவிந்தன. புகைவண்டிகள் அவற்றை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்றன. அதே வண்டிகள், விலை உயர்ந்த இடம் நோக்கித் தானியத்தைக் கடத்தவும் உதவின என்று குறை கூறியோர் உண்டு. இருப்புப்பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குச் செலவிடலாகாதோ என்று கேட்டவர், கோதாவரி அணை கட்டிய ஆர்தர் காட்டன். வாயில் திறந்தால் உணவும் வரும். உணவு வெளியேறவும் கூடும்.

இறக்கம்

இராயபுரத்தின் இறக்கத்துக்குச் சென்ட்ரல் நிலையமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவர். வரலாறு அவ்வளவு எளிதன்று. இராயபுரத்தில் சரக்கு நெரிசல் மிகுந்ததால், 1873-இல் பார்க் டவுனில் இரண்டாம் முனையமாகச் சென்ட்ரல் கட்டப்பெற்றது. அதன் பின்னரும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு முனையங்களும் நகரில் விளங்கின. ஆகவே தம்பி பிறந்ததால் தமையன் மாளவில்லை. மூன்று மாற்றங்கள் மெல்ல மெல்ல ஒன்றுகூடின.

முதலாவது, நகரம் திசை திரும்பியது. செல்வரும் அதிகாரிகளும் எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாறு எனத் தெற்கிலும் மேற்கிலும் தோட்ட வீடுகளில் வாழ்ந்தனர். அவர்கள் இராயபுரம் செல்ல நெருக்கம் மிகுந்த நகரத்தை ஊடறுக்க வேண்டும். சென்ட்ரலோ அவர்கள் வாயிலுக்கு அண்மையில் நின்றது. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி ஓடத் தொடங்கியபோது, நகரின் நடையே தென்மேற்காயிற்று.

இரண்டாவது, துறைமுகம் மாறியது. 1870-களில் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழலாயின. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர். 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்பாட்சிக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனைப் புதுக்கினார். சென்னைக்கு உண்மையான துறைமுகம் வாய்த்தது. சரக்குப் பாதைகள் கடலோரமெங்கும் விரிந்தன. இராயபுரம் சரக்கின் இடமாயிற்று. பயணியரின் இடமாக நீடிக்கவில்லை. இதில் இயற்கையின் விளையாட்டு ஒன்றும் உண்டு. கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்த, தெற்கே மெரீனாக் கடற்கரை அகன்று விரிந்தது. மணல் வரவற்ற வடக்கே, இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. தெற்கு பெற்ற அழகுக்கு வடக்கு தன் மண்ணைக் கொடுத்தது. கொற்கையில் மண் சேர்ந்து வாயில் தூர்ந்தது. இராயபுரத்திலோ மண் குறைந்தது.

மூன்றாவதே முடிவானது. முனையம் என்பது பாதை முடியும் இடம். 1907-இல் கடற்கரைப் பாதை தெற்கே நீட்டப்பட்டது. அந்நாள் முதல் இராயபுரம் முனையம் என்னும் தகுதியை இழந்து, வழியில் உள்ள நிலையங்களுள் ஒன்றாயிற்று. வெளியூர் வண்டிகள் சென்ட்ரலில் முடிவடையலாயின. மறு ஆண்டு, 1908-இல், தென்னாட்டு மீட்டர் பாதை வண்டிகளுக்கு எழும்பூரில் புதிய மாளிகை திறந்தது. ஹென்றி இர்வின் வரைய, சாமிநாத பிள்ளை கட்டி முடித்த மாளிகை அது. தெற்கே திருநெல்வேலி, மதுரை, தஞ்சையினின்று வந்தோர் எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலில் ஏறினர். அவர்கள் கண்ணில் இராயபுரம் படவே இல்லை. நம் குடும்பக் கதைகளில் அப்பெயர் இடம்பெறாமைக்குக் காரணம் இதுவே. சென்னை, தென் மராட்டா இருப்புப்பாதையின் தலைமை அலுவலகமும் 1922-இல் சென்ட்ரல் அருகே எழுந்த புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்தது. அத்துடன் இராயபுரத்தின் அரசும் போயிற்று.

அரசு போனது, உழைப்பு போகவில்லை. இராயபுரத்தினின்று கிளம்பிய பாதை வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என வடசென்னையை ஊடறுத்துச் சென்றது. 1856-ஆம் ஆண்டிலேயே பெரம்பூரில் இருப்புப்பாதைப் பட்டறை தோன்றியது. ஆலைகள் வந்தன, அவற்றின் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்டு இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்றாகிய சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பிறந்தது. இன்றும் இராயபுரத்தில் மின்பொறிகளைப் பேணும் பெரிய கொட்டகை இயங்குகிறது. பெருநகரத்தின் சுமையை வடசென்னை தாங்க, பெருமையைத் தெற்கு பெற்றது. ஒரு நிலையத்தின் இறக்கத்தில் ஒரு பகுதி மக்களின் கதையும் அடங்கியுள்ளது.

இன்றைய நிலையும் நம் கடனும்

போரிபந்தரிலும் தாணாவிலும் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே இந்தியாவில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இராயபுரமே என்று போற்றப்படுகிறது. நெடுங்காலம் பழுதுற்றுக் கிடந்த அது, நூற்றைம்பதாம் ஆண்டு நெருங்குகையில், 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. புறநகர் வண்டிகள் அங்கு நின்று செல்கின்றன. நகரின் மூன்றாம் முனையமாக அதனை ஆக்குக என்று வடசென்னை மக்கள் நெடுநாள் கேட்டனர். அவ்வாய்ப்பு தாம்பரத்துக்கே கிட்டியது. இங்கும் நகரம் தன் தென்மேற்குப் போக்கையே கைக்கொண்டது.

சுவருக்கு வெள்ளை பூசுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. கட்டடத்தைக் காத்தல் அரசின் பொறுப்பு. அதன் பொருளைக் காத்தல் மக்களின் பொறுப்பு. ஓர் நிலையத்தின் வரலாறு தூண்களில் மட்டும் எழுதப்படுவதன்று. யார் எந்த ஆண்டு, எந்தப் பஞ்சத்திலோ எந்த வேலையை நாடியோ, எங்கே வண்டி ஏறினர், எங்கே இறங்கி முதல் இரவைக் கழித்தனர் என்ற செய்திகளே அதன் உயிர். அவை அரசின் பதிவேடுகளில் இல்லை. நம் வீடுகளில் முதியோர் நினைவிலும், பழைய மடல்களிலும், மங்கிய நிழற்படங்களின் பின்புறக் குறிப்புகளிலுமே உள்ளன. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர்.

வெளிமாநிலங்களில் உள்ள நம் சங்கங்கள் விழா எடுக்கின்றன, பள்ளி நடத்துகின்றன, மலர் வெளியிடுகின்றன. அவற்றோடு, ஒவ்வொரு குடும்பமும் தன் முதல் பயணத்தை ஒரு பக்க அளவில் எழுதித் தர, அவற்றைத் தொகுத்துச் சங்க நூலகத்தில் வைத்தல் அரிய செயல் அன்று. பிழையற எழுத வேண்டும் என்பதில்லை. பெயரும் ஆண்டும் ஊரும் இருந்தால் போதும். நாளை நம் பெயரர் தம் வேரைத் தேடும்போது, தாம் வந்த வழியும் அவ்வழி தொடங்கிய இராயபுரமும் அப்பக்கங்களில் அவர்க்குக் கிடைக்கட்டும்.