வற் வரி 18 வீதம்: யார் அறவிடலாம், யார் அறவிட முடியாது?

‘வற்’ என நாம் சுருக்கமாக அழைக்கும் பெறுமதி சேர் வரி, 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இருந்த பொருட்கள் சேவைகள் வரி, தேசிய பாதுகாப்பு வரி ஆகிய இரண்டின் இடத்தையும் அது பிடித்தது.

வீதம் அடிக்கடி மாறியிருக்கிறது. 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஜூனில் 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும் உயர்ந்தது. 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். அதே நாளில் பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு, கையடக்கத் தொலைபேசி போன்றவற்றுக்கு இருந்த விலக்கும் நீங்கியது. உள்நாட்டு அரிசி, மரக்கறி, மருந்து, கல்விச் சேவை, பயணிகள் போக்குவரத்து என்பன விலக்கில் தொடர்ந்தன. மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளை போகும் பஸ்ஸின் டிக்கட்டுக்கு வற் கிடையாது. ஆனால் அந்த பஸ் குடிக்கும் டீசலுக்கு உண்டு.

யார் அறவிடலாம்?

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வற் வரிக்குப் பதிவு செய்தவர் மட்டுமே. 2024 ஜனவரி முதல், ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவுக்கு மேல் புரள்வு உள்ளவர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்றானது. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரை இலட்சத்துக்கும் கூடிய விற்பனை. இதனை 36 மில்லியனாகக் குறைக்க 2026 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. பதிவு செய்தவர் சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். அவரது வற் இலக்கம் 7000 என்று முடியும்.

தோட்டப்புறச் சில்லறைக் கடைகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குக் கீழே உள்ளவை. அவை பில்லில் 18 வீதம் சேர்க்க முடியாது. ஆனால் அங்கு வாங்கும் சவர்க்காரத்துக்கு நாம் வற் கொடுக்கவில்லை என்பதல்ல. பொதியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்குள்ளேயே அந்த வரி அடங்கியிருக்கிறது. அதன் மேல் மீண்டும் ‘வற்’ என்று கேட்பது வரியல்ல, வரியின் பெயரால் எடுக்கும் கூடுதல் காசு.

கணக்கு எப்படி?

வரி உள்ளடங்கிய தொகையை 18ஆல் பெருக்கி 118ஆல் வகுத்தால் வரி கிடைக்கும். 2,360 ரூபா பில்லில் வற் 360 ரூபா. ஒரு குடும்பம் மாதத்தில் 11,800 ரூபாவுக்கு வரிக்குரிய பொருட்களை வாங்கினால் 1,800 ரூபா வரியாகப் போகிறது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வருமான வரி செலுத்தும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவரும், வற் வரியாக ஒரு நாள் உழைப்புக்கு மேல் கொடுக்கிறார். ஏழைக்கும் செல்வந்தனுக்கும் ஒரே வீதம் என்பதே இவ்வரியின் பாரம்.

வாகனமும் பேரீச்சம்பழமும்

இறக்குமதி வாகனத்துக்கு சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி முதலியவற்றையும் கூட்டிய பெறுமதி மீதே வற் கணிக்கப்படுகிறது. வரிக்கு மேல் வரி என்பதால்தான் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்த பின்னரும் விலை எட்டாத உயரத்திலேயே நின்றது. சீனி, பருப்பு, பேரீச்சம்பழம் போன்ற சில இறக்குமதிப் பொருட்களுக்கு 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டப்படி விசேட வியாபாரப் பண்ட வரி உண்டு. அது கிலோவுக்கு இத்தனை ரூபா என அறவிடப்படும். ரமழானை முன்னிட்டு பேரீச்சம்பழத்துக்கு அது குறைக்கப்பட்டதும் உண்டு. அந்தச் சலுகை நோன்பாளியின் கைக்கு வந்து சேர்வது வியாபாரியின் நேர்மையில் தங்கியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

பில் கேளுங்கள். அதில் வற் தனியாகக் காட்டப்பட்டிருந்தால் இலக்கத்தையும் சான்றிதழையும் பாருங்கள். சந்தேகமிருந்தால் இறைவரித் திணைக்களத்தின் 1944ஐ அழையுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977.

நம்மில் வியாபாரிகள் பலர். அளவையில் குறை செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே அல்குர்ஆனில் இருக்கிறது. வற் என்று வாங்கிய பணம் வியாபாரியின் இலாபமல்ல. அரசிடம் ஒப்படைக்க வேண்டிய அமானிதம். பதிவில்லாமல் வாங்குவதும், வாங்கிவிட்டுக் கட்டாமல் விடுவதும் அந்த அமானிதத்துக்குச் செய்யும் மோசடியே.