ஊசி குத்தினா மூளையில வெளிச்சம்... மரத்துப்போன கைக்கு உணர்வு திரும்புமா?

கண்ணை மூடிக்கிட்டு பாக்கெட்டுக்குள்ள கையை விடுங்க. சாவி எது, காயின் எதுனு பார்க்காமலே சொல்லிடுவீங்க. பக்கவாதம் வந்த பலரால இது முடியாது. கை அசையும், ஆனா, கையில இருக்கிறது என்னனு தெரியாது. சுடுதண்ணி பட்டாகூட, தோல் சிவந்ததைக் கண்ணால பார்த்த பிறகுதான் தெரியும்.

கை, கால் விழுந்துபோறதைப் பத்திப் பேசுற அளவுக்கு, இந்த உணர்விழப்பைப் பத்தி நாம பேசுறதில்லை. வெளியே தெரியாதே!

இப்படி ஒருத்தர் வீட்ல இருந்தா, 'அக்குபங்சர் பண்ணுங்க, மூளை ஸ்கேன்லயே நிரூபிச்சிட்டாங்க'னு யாராவது சொல்லியிருப்பாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காமப் பணத்தைக் கட்டாதீங்க.

விரல் நுனியில ஏதாவது பட்டா, அந்தச் செய்தி முதுகுத்தண்டு வழியா ஏறி, தலாமஸ்ங்கிற ஜங்ஷனைத் தாண்டி, மூளையின் எதிர்ப்பக்கத்துல இருக்கிற உணர்வுப் பட்டைக்குப் போகும். வலது கைக்கு இடது மூளை. அந்தப் பட்டையில எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம்னு வைல்டர் பென்ஃபீல்டுங்கிற அறுவை சிகிச்சை நிபுணர் 1937-ல வெளியிட்டார். கைக்கும் உதட்டுக்கும்தான் பெரிய இடம்; முதுகு மொத்தத்துக்கும் துக்கடா! பக்கவாதத்துல தோலுக்கு ஒண்ணும் ஆகுறதில்லை. இந்தப் பாதையோ பட்டையோ அடிபட்டுடுது.

மூளை எங்கே சுறுசுறுப்பா இருக்கோ, அங்கே ரத்த ஓட்டம் கூடும். ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறுறதைப் படமாக்குறதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன். உணர்விழந்த பக்கவாத நோயாளிகளுக்கு இந்த ஸ்கேனுக்குள்ளயே ஊசி குத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல வந்தது. ரெண்டு இடங்கள்: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற 'ஹெகு', முழங்கை மடிப்போட வெளிப்பக்கம் இருக்கிற 'சூச்சி'. ஆரோக்கியமானவங்களைவிட நோயாளிகளோட உணர்வுப் பகுதியில செயல்பாடு அதிகமா தெரிஞ்சுது. அடிபட்ட மூளை அக்கம்பக்கத்து செல்களையும் வேலைக்குக் கூப்பிடும்ங்கிறது தெரிஞ்ச விஷயம்தான். அதனால, இந்த முடிவு நம்பிக்கை தருது.

ஆனா, வெளிச்சம் தெரிஞ்சா உணர்வு வந்துடுச்சுனு அர்த்தமில்லை. பிரஷ்ஷால உள்ளங்கையை வருடினாலே உங்க உணர்வுப் பட்டை வேலை செய்யும். ஊசியும் ஒரு தூண்டல்தானே?

1998-ல இன்னொரு ஆய்வு பரபரப்பைக் கிளப்புச்சு. கால் சுண்டுவிரல் பக்கம், கண்ணுக்கானதா சொல்லப்படுற புள்ளியில ஊசி குத்தினா, மூளையின் பார்வைப் பகுதி வேலை செய்யுதுனு சொன்னாங்க. அந்தப் புள்ளிக்கு அப்படித் தனி விசேஷம் இருக்குங்கிற முடிவை 2006-ல ஆய்வாளர்களே வாபஸ் வாங்கிட்டாங்க. நேர்மையான ஆளுங்க!

படம் எதைக் காட்டினாலும், நோயாளிக்கு முன்னேற்றம் இருக்காங்கிறதுதான் கேள்வி. பக்கவாத மறுவாழ்வில் அக்குபங்சர் பத்தின 31 பரிசோதனைகளை, மொத்தம் 2,257 பேரோட விவரங்களை, காக்ரேன் அமைப்பு 2016-ல அலசுச்சு. முன்னேற்றம் இருக்கிற மாதிரி தெரியுது. ஆனா ஆய்வுகளோட தரம் குறைவு, எல்லாருக்கும் வழக்கமா பரிந்துரைக்க இது போதாதுனு சொல்லிட்டாங்க.

அதனால அக்குபங்சர் பண்ணவே கூடாதானு கேட்டா, அப்படி இல்லை. பிசியோதெரபியை நிறுத்திட்டு அதுக்குப் போகாதீங்க, அவ்வளவுதான். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுறவங்க நரம்பியல் டாக்டர்கிட்ட முதல்ல கேட்கணும். ஊசி புதுசா, ஒருமுறை மட்டும் பயன்படுத்துறதா இருக்கணும்.

'பக்கவாதம் வந்தா விரல் நுனியில ஊசியால குத்தி ரத்தம் எடுங்க'னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துது. கண்டிப்பா செய்யாதீங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள கொடுத்தாகணும். வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்குக் கூப்பிடுங்க.

உணர்வுக்குன்னே தனிப் பயிற்சி இருக்கு. கண்ணை மூடவெச்சு பஞ்சு, உப்புத்தாள், சாவி, ஸ்பூன்னு ஒவ்வொண்ணா கையில கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லணும். தப்பா சொன்னா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி தொடணும். தினமும், பொறுமையா. தெரபிஸ்ட்கிட்ட ஒரு தடவை கத்துக்கிட்டா வீட்ல நீங்களே செய்யலாம். அதுவரைக்கும் குளிக்கிற தண்ணியோட சூட்டை நல்லா இருக்கிற கையால தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க.