செஞ்சியிலிருந்து பார்க்கையில்: லிஸ்பனா, கொயிம்பிராவா?

1597ஆம் ஆண்டில் இயேசு சபையின் பார்வையாளரான நிக்கொலாவு பிமெந்தா அடிகளார் சோழமண்டலக் கரை வழியாகப் பயணம் செய்து செஞ்சிக்கு வந்தார். அப்போது அங்கு ஆட்சி செய்தவர் கிருஷ்ணப்ப நாயக்கர். தாம் கண்டதை ஐரோப்பாவுக்கு எழுதிய மடலில் அடிகளார் ஓர் ஒப்பீட்டைச் சேர்த்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே பெரியது. லிஸ்பன் ஒன்று நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் வேறெந்த நகரையும்விட அது பெரியது என்பது அவ்வொப்பீட்டின் கருத்து.

இவ்வாண்டுகளில் நம் பங்குகளிலிருந்து பாத்திமா அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும் திருப்பயணிகள் பெருகி வருகின்றனர். பயணத் திட்டத்தில் ஒரு நாள் மிஞ்சும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாத்திமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து கிலோமீட்டரில் லிஸ்பன். வடக்கே எண்பத்தைந்து கிலோமீட்டர் அளவில் கொயிம்பிரா. எதற்குச் செல்வது? பயண முகவர்களைக் கேட்டால் தயங்காமல் லிஸ்பன் என்பார்கள். கடைவீதிகள் அங்கேதான் அதிகம். பிமெந்தா அடிகளாரும் அந்நகருக்கே முதலிடம் தந்தார். எனினும் தமிழ்க் கத்தோலிக்கர் என்னும் நிலையிலிருந்து நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க இடமிருக்கிறது.

லிஸ்பனின் உரிமை சிறியதன்று. கோடி அற்புதர் என நாம் அழைக்கும் அந்தோணியார் 1195ஆம் ஆண்டளவில் பிறந்தது அந்நகரில். பதுவை அவர் இறந்த இடமே. இந்தியாவின் திருத்தூதரான சவேரியார் 1541 ஏப்ரல் 7 அன்று, தமது முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், கப்பலேறியதும் அங்கிருந்துதான். ஓரியூர் மண்ணைத் தம் குருதியால் நனைத்த அருளானந்தர் 1647 மார்ச் 1 அன்று பிறந்ததும் அங்கேதான். அரண்மனையில் இளவரசர் பேதுருவின் விளையாட்டுத் தோழராக வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அந்த இளவரசர் மன்னராகி, 1687இல் தாயகம் திரும்பிய தோழரைத் தம் அருகிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். அடிகளார் தமிழ் மண்ணையே தேர்ந்துகொண்டு மீண்டும் கடலேறினார். 1693 பிப்ரவரி 4 அன்று தலை கொடுத்தார்.

இவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. 1554ஆம் ஆண்டில், மூன்றாம் யோவான் மன்னரின் ஆணைப்படி, தமிழும் போர்த்துக்கீசியமும் இணைந்த ஞானோபதேச நூலொன்று லிஸ்பனில் அச்சேறியது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. தமிழ் எழுத்திலான அச்சுக்கு இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நூலை ஆக்கியவர்களாகக் குறிக்கப்படுவோர் மூவர்: விசெந்தே நசரேத், ஜோர்ஜே கர்வாலியோ, தோமா த குருஸ். பெயர்களைக் கேட்டுப் பறங்கியர் என்று எண்ணிவிடலாகாது, மூவரும் தமிழரே. திருமுழுக்கில் பெற்ற பெயர்கள் அவை. தேஜோ ஆற்றங்கரையில் அமர்ந்து, குளிரில் நடுங்கியபடி, தம் தாய்மொழியைப் பிறர் எழுத்தில் பொருத்திய அம்மூவரைப் பற்றி நம் மறைக்கல்வி வகுப்புகளில் ஒரு சொல்லும் கேட்பதில்லையே!

ஆனால், அவர்கள் நடந்த லிஸ்பன் இன்று இல்லை. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள்; மக்கள் திருப்பலிக்குக் கூடியிருந்த காலைப் பொழுது. நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கி ஏறியது, திருநாளுக்காக ஏற்றிய மெழுகுதிரிகளின் நெருப்பும் சேர்ந்து பல நாள் எரிந்தது. அந்தோணியார் பிறந்த இடத்தில் இருந்த ஆலயமும் வீழ்ந்தது. நிலவறை மட்டும் தப்பியது. இன்று நாம் காணும் நேர்கோட்டுத் தெருக்கள் பொம்பால் பிரபு எழுப்பியவை. அதே பிரபுதான் 1759இல் இயேசு சபையினரை நாட்டை விட்டு அகற்றினார். கோவாவிலிருந்து கைதிகளாய்க் கொண்டுசெல்லப்பட்ட மறைப்பணியாளர் பலர், தேஜோ ஆற்று முகத்திலுள்ள சான் ஜூலியாவு கோட்டையின் இருட்டறைகளில் ஆண்டுக் கணக்கில் வாடினர். சவேரியாரை வழியனுப்பிய அதே ஆற்றின் கரை இது.

செஞ்சியும் இவ்வாறே மாறிப்போன ஊர். பிமெந்தா அடிகளாரை நாயக்கர் பட்டுக் கம்பளத்தின்மீது சாய்ந்தவாறு, முத்தும் மணியும் அணிந்து வரவேற்றார். வெற்றிலை தரப்பட்டது. பாதிரியார்கள் அதை மெல்லாதது கண்டு மன்னர் வியந்தார் என்பது மடலில் உள்ள சுவையான குறிப்பு. பொன்னிழை நெய்த துணிகளைப் பரிசளித்து, தாம் கட்டிவரும் புதிய நகருக்கு ஒரு குருவை அனுப்புமாறும் அவர் கேட்டார். வெள்ளாற்று முகத்தை ஒட்டி, இன்றைய பரங்கிப்பேட்டைக்கு அருகில் எழுந்துகொண்டிருந்த நகர் அது.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். மதுரை மறைப்பணித் தளத்தைச் சேர்ந்த அந்திரேயா பிரெய்ரே அடிகளார் அடுத்த ஆண்டு எழுதிய மடலில், சிவாஜி எழுப்பிய மதில்களும் வெட்டிய அகழிகளும் ஐரோப்பியர் குறைசொல்ல இயலாத திறத்தோடு அமைந்தவை என்று பாராட்டுகிறார். இந்த பிரெய்ரே அடிகளாரோடுதான் அருளானந்தர் 1674இல் மலைகளைக் கடந்து தமிழகத்திற்கு நடந்து வந்தார். அவர் முதலில் பணி தொடங்கியதும் அக்காலச் செஞ்சி நாட்டுப் பகுதியிலேயே. ஆகவே லிஸ்பனையும் செஞ்சியையும் ஒரே மூச்சில் பேசுவது ஒரு பாதிரியாரின் மிகையான உவமையோடு முடிந்துபோகும் செய்தியன்று.

மராட்டியருக்குப் பின் முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. 1761க்குப் பின் செஞ்சி மெல்ல ஓய்ந்தது. லிஸ்பன் நீங்கலாக யாவற்றினும் பெரியது என்ற நகரின் தெருக்கள் இருந்த இடத்தில் இன்று வயலும் முட்புதரும்.

கொயிம்பிராவுக்கு வருவோம். மொந்தேகோ ஆற்றின்மேல் ஒரு குன்று. குன்றின் உச்சியில் பல்கலைக்கழகம். 1290இல் லிஸ்பனில் தொடங்கப்பெற்ற அக்கல்விக்கூடம், இடம் மாறி மாறி, 1537இல் கொயிம்பிராவில் நிலைத்தது. ஐந்து ஆண்டுகளில் இயேசு சபையினர் தங்கள் கல்லூரியை அங்கு நிறுவினர். கீழை நாடுகளுக்குச் சென்ற மறைப்பணியாளர் பலர் அதில் உருவானவர்கள். அருளானந்தர் மெய்யியல் பயின்றதும் அந்நகரில்தான்.

அங்கே சட்டம் பயின்ற மாணவர் ஒருவரை மட்டும் இங்கு நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். அண்டிரிக் அடிகளார் என நாம் அறியும் என்ரிக்கே என்ரிக்கஸ் யூத வழிவந்த குடும்பத்தவர். முன்னர் அவர் சேர்ந்திருந்த பிரான்சிஸ்கு சபை, அந்தப் பிறப்பின் பொருட்டே அவரை வெளியேற்றியிருந்தது. கொயிம்பிராவின் இயேசு சபையினர் 1545இல் அவரைச் சேர்த்துக்கொண்டனர். மறு ஆண்டே இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்தார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பணி. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பிறப்பைக் காட்டி ஒரு வாயில் மூடப்பட, இன்னொரு வாயில் திறந்ததால் நமக்குக் கிடைத்த நூல். சாதி பார்த்து இருக்கையும் கல்லறையும் பிரித்த வரலாறு உடைய நாம், அவர் நுழைந்த அந்த வாயிலின்முன் சிறிது நேரமாவது நிற்க வேண்டாமா?

அந்தோணியாரும் அங்கு வந்தவரே. அப்போது அவர் பெயர் பெர்னாந்து. அகுஸ்தீன் துறவியாகத் திருச்சிலுவை மடத்தில் படிப்பில் மூழ்கியிருந்தார். 1220இல் மொரோக்கோவில் மறைசாட்சிகளான ஐந்து பிரான்சிஸ்கு சகோதரரின் உடல்கள் அங்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கண்டபின் அவரால் நூல்களோடு இருக்க முடியவில்லை. உடையையும் பெயரையும் மாற்றிக்கொண்டு புறப்பட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் நாம் அழைக்கும் ‘அந்தோணியார்’ என்னும் பெயர் கொயிம்பிராவில்தான் பிறந்தது. பாத்திமா காட்சி கண்ட மூவருள் நெடுநாள் வாழ்ந்த லூசியா அருட்சகோதரியும் 1948 முதல், 2005இல் மரிக்கும் வரை, அந்நகரின் கார்மேல் மடத்தில் இருந்தார்.

எனவே நமது பரிந்துரை கொயிம்பிராவே. வானூர்தி எப்படியும் லிஸ்பனில்தான் இறங்கும். வந்த நாளோ திரும்பும் நாளோ, அந்தோணியார் ஆலயத்தின் நிலவறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மிஞ்சிய முழு நாளை வடக்கே கொடுக்கலாம். அங்கும் தப்பாமல் காண வேண்டியவை இரண்டு. கீழே திருச்சிலுவை மடத்து ஆலயம். மேலே இயேசு சபைக் கல்லூரியின் பழைய கோவில், 1772 முதல் மறைமாவட்டப் பேராலயம். இரண்டிற்கும் இடையே செங்குத்தான படிகளும் சந்துகளும் உண்டு. செல்லுமுன் ஒரு ஞாயிறு மாலை செஞ்சியின் இராசகிரிக் கோட்டையில் ஏறிப் பழகியவர்க்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டாக இராது.