ஆராய்ச்சிப் பூங்கா ஊருக்குள்ளேதான் இருக்க வேண்டும்!



ஆராய்ச்சிப் பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும்னு நினைச்சிடாதீங்க. (சிரிப்பு) பல்கலைக்கழகத்தில் ஒருத்தர் கண்டுபிடிக்கிறார். அதை மருந்தாகவோ கருவியாகவோ ஆக்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனிக்கு இடம் கொடுப்பது, அதுதான் ஆராய்ச்சிப் பூங்கா.

எதிரணி நண்பர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சொன்னார். உண்மைதான். 1951-ல் அங்கே பூங்கா தொடங்கியது. பொறியியல் துறைத் தலைவராக இருந்த ஃபிரெடெரிக் டெர்மன் முன்னின்றார். நிலத்தை விற்கக் கூடாது என்பது நிலம் கொடுத்தவரின் கட்டளை. அதனால குத்தகைக்கு விட்டாங்க. முதலில் வேரியன் நிறுவனம் எடுத்தது. பின்னால் ஹியூலெட்-பேக்கார்டும் வந்தது. "பாருங்க, ஊருக்கு வெளியே, காற்றோட்டமா இருந்ததாலதான் வளர்ந்தது" என்கிறார் நண்பர்.

நான் வேறொரு ஊருக்கு உங்களை அழைச்சிட்டுப் போறேன். ஃபிலடெல்ஃபியா. அந்த மாநகரத்தின் மேற்குப் பகுதியில், மார்க்கெட் தெருவிலேயே, 1963-ல் யுனிவர்சிட்டி சிட்டி சயன்ஸ் சென்டர் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் நகரத்துக்குள் எழுந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா அதுதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகம், டிரெக்சல், மருத்துவமனைகள், எல்லாம் கூப்பிடு தூரம். ஊர் கூடித் தேர் இழுப்பது போல, பல நிறுவனங்கள் பங்குதாரராகச் சேர்ந்து நடத்திய பூங்கா.

என்ன நடந்தது? 1979-ல் செண்டோகார் என்ற சின்னக் கம்பெனி அங்கே பிறந்தது. சில தெரு தள்ளி விஸ்டார் ஆய்வகம். அங்கே ஹிலரி கோப்ரோவ்ஸ்கியும் மற்றவர்களும் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்களை வைத்துத்தான் அது தொழிலைத் தொடங்கியது. பிறகு நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய மருந்து, குடல் அழற்சி நோய்க்கு 1998-ல் அனுமதி பெற்றது.

"ஐயா, அந்தக் கம்பெனி வளர்ந்ததும் மால்வெர்ன் என்ற புறநகருக்குப் போயிடுச்சே!" என்று எதிரணியில் சிரிக்கிறாங்க. போகட்டுமே! நம்ம வீட்டில் தலைப்பிரசவம் எங்கே? தாய் வீட்டில். பிள்ளை தலை நின்ற பிறகு புகுந்த வீட்டுக்குப் போகும். அதுக்காகத் தாய் வீடு தேவையில்லைன்னு சொல்லுவீங்களா? (கைதட்டல்) அதே மார்க்கெட் தெருவில்தான் 2013-ல் தொடங்கிய ஸ்பார்க் நிறுவனமும் இருந்தது. பக்கத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் வளர்ந்த ஆராய்ச்சி அது. பரம்பரையாக வரும் ஒருவகைப் பார்வை இழப்புக்கு அவர்கள் கொண்டுவந்த மரபணு சிகிச்சைக்கு 2017-ல் அனுமதி கிடைத்தது. டாக்டர், நோயாளி, விஞ்ஞானி, மூணு பேரும் ஒரே ஊரில் இருந்ததால் வந்த பலன்.

இதுவரைக்கும் கை தட்டினீங்க. இனி சொல்லப் போறதுக்குத் தட்ட முடியாது.

ஸ்டான்ஃபோர்டில் பூங்கா வந்த இடம் மேய்ச்சல் நிலம். ஃபிலடெல்ஃபியாவில் அது மனுஷங்க குடியிருந்த தெரு. பிளாக் பாட்டம் என்று பெயர். பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளிகள். 1959-ல் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் சேர்ந்து ஒரு கழகம் அமைத்தன. நகரப் புதுப்பிப்புச் சட்டத்தின் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. 2,500-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வீடு போனால் வீடு மட்டுமா போகும்? கடன் கொடுக்கிற மளிகைக் கடை போகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி போவாள்.

அதைக் கேட்டவர்கள் யார் தெரியுமா? அந்தப் பல்கலைக்கழக மாணவர்களே! 1969 பிப்ரவரியில் காலேஜ் ஹாலுக்குள் ஆறு நாள் உட்கார்ந்தார்கள். "பூங்காவில் போர் ஆராய்ச்சி கூடாது, வெளியேற்றப்பட்டவர்களுக்கு வீடு வேண்டும்" என்றார்கள். கல்லெறி இல்லை, தடியடி இல்லை. நிர்வாகம் பேசியது, ஊராரும் இடம்பெறும் குழு அமைக்க ஒப்புக்கொண்டது. ஆனால் எதிர்பார்த்தபடி பணம் திரளவில்லை. இடிந்த தெரு திரும்பவில்லை. அந்த மக்கள் பின்னாளில் ஆண்டுக்கொருமுறை ஒரு பூங்காவில் கூடிச் சாப்பிட்டுப் பேசிக் கலைந்தார்கள். ஆராய்ச்சிப் பூங்காவில் அல்ல, மரம் நிற்கிற பூங்காவில்!

அப்படியானால் உன் கட்சி தோற்றதா என்று நடுவர் கேட்கலாம். இல்லை ஐயா. பூங்கா ஊருக்குள்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அறிவுக்கு மனிதர்கள் பக்கத்தில் வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறேன், அந்த மனிதர்களை விரட்டிவிட்டு ஊருக்குள் என்ன இருக்கிறது? வெறும் முகவரி! குடியிருப்பவனையும் பங்குதாரராகச் சேர்த்துக் கட்டுங்கள். அதுதான் ஊருக்குள் கட்டுவது.

தீர்ப்பு எழுதும்போது நடுவர் அவர்கள் அந்த மருந்தையும் நினைக்க வேண்டும், அந்தத் தெருவையும் நினைக்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.