ஹாலே பள்ளிகளும் பொருட்கல்வியும்

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றைக் கற்பிக்கும்போது ஹாலே நகரத்தை நாம் ஒரே வாக்கியத்தில் கடந்து விடுகிறோம். சீகன்பால்கு அங்கே பயின்றார், அங்கிருந்து அவருக்குப் பின்னும் பலர் வந்தனர், அவ்வளவே. அந்நகரில் எத்தகைய பள்ளிகள் இருந்தன, அப்பள்ளிகளில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் எவ்வாறு கற்றனர் என்று நாம் கேட்பதில்லை. ஆயினும் தரங்கம்பாடிக்கு வந்தவர்களை உருவாக்கிய சூழல் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் மட்டுமன்று. அதற்கு அண்மையில் நின்ற பள்ளிக்கூடங்களும் அச்சூழலில் அடங்கும்.

அகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1692-இல் ஹாலேக்கு வந்தார். நகருக்கு வெளியே கிளௌகா என்னும் ஏழைகளின் குடியிருப்பில் போதகராகவும், புதிதாக எழுந்துகொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருவேலை பார்த்தார். 1682-இல் பரவிய கொள்ளைநோய் கிளௌகாவை நலிவுறச் செய்திருந்தது, மதுக்கடைகளுக்கோ குறைவில்லை. 1695-இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் ஒருவர் 4 தாலரும் 16 குரோஷனும் இட்டார். அத்தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதை நம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பிரசங்கங்களில் வராத பகுதி ஒன்றுண்டு. அப்பணத்தில் வாங்கிய புத்தகங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தகத்தோடு மறைந்தனர். பிராங்கே மனம் சலிக்கவில்லை. மீண்டும் புத்தகம் வாங்கினார். பாடம் முடிந்ததும் அதைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகும்படி விதித்தார். ஹாலேயின் பெரும் கல்வி வசதிகளெல்லாம் இந்தச் சிறு ஏற்பாட்டிலிருந்தே வளர்ந்தன என்று நமக்குத் தோன்றுகிறது.

வளர்ச்சி விரைவாயிருந்தது. அதே 1695-இல் உயர்குடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. இதுவே 1702-இல் அரச உரிமை பெற்ற பெடகோகியம். 1697-இல் லத்தீன் பள்ளியும், 1698-இல் அநாதை இல்லத்தின் பெருங்கட்டடத்துக்கு அடிக்கல்லும் தொடர்ந்தன. 1727-இல் பிராங்கே மறைந்தபோது இப்பள்ளிகளில் 2,200-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்றனர்.

இவற்றுள் பெடகோகியத்தின் பாடமுறை தனித்து நோக்கத்தக்கது. அக்காலப் பள்ளிகளில் லத்தீனில் எந்த வகுப்போ மற்றெல்லாவற்றிலும் அதே வகுப்பு என்பதே வழக்கு. ஹாலேயில் அவ்வழக்கை மாற்றினர். ஒரு மாணவன் லத்தீனில் மேல்வகுப்பிலும் கணிதத்தில் கீழ்வகுப்பிலும் அமரலாம். பாடந்தோறும் அவனவன் தேர்ச்சியே அவன் இடத்தைத் தீர்மானித்தது. எபிரெயம், கிரேக்கம் ஆகியவற்றோடு பிரெஞ்சு, வரலாறு, புவியியல் ஆகியனவும் இருந்தன. பாடம் ஓய்ந்த நேரத்தில் மரக் கடைசல், கண்ணாடிச் சில்லுகளைத் தீட்டி வில்லையாக்குதல், அட்டை வேலை, ஓவியம் ஆகியவற்றில் பிள்ளைகள் கைப்பழக்கம் பெற்றனர். செடிகளை நேரில் கண்டறிய ஒரு தோட்டம் இருந்தது. கைவினைஞரின் பட்டறைகளுக்கும் அவர்களை அழைத்துச் சென்றனர்.

இதைப் படித்து மகிழும் நாம் ஒன்றை மறக்கலாகாது. இக்கைத்தொழில்கள் விளையாட்டுக்கு மாற்றாக வைக்கப்பட்டவை. விளையாட்டு வீண் சிற்றின்பம் என்பது பிராங்கேயின் எண்ணம். பிள்ளைகள் ஒரு நாழிகையும் மேற்பார்வையின்றி இருத்தலாகாது. பிள்ளைப் பருவத்தை அவர் அறிந்திருந்தாரா என்று நாம் ஐயுறுகிறோம். மேலும், உயர்குடிச் சிறுவன் பொழுதுபோக்காகக் கடைசல் பழகிய அதே வளாகத்தில், அநாதைச் சிறுவன் பிழைப்புக்காகக் காலுறை பின்னப் பழகினான். திறமை மிக்க அநாதைகளுக்கு லத்தீன் பள்ளியின் கதவு திறந்திருந்தது உண்மையே. மற்றவர்கள் தொழில் பழகச் சென்றனர். சமுதாயப் படிநிலையை ஹாலே உடைக்கவில்லை. படிதோறும் ஒரு பள்ளியைக் கட்டிற்று.

ஆசிரியர் யார் என்பது நம் மாணாக்கரின் கவனத்துக்குரியது. இறையியல் மாணவருக்கு அநாதை இல்லத்தில் இலவச உணவு அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அவர்கள் பள்ளியில் கற்பித்தனர். 1707-இல் தேர்ந்தெடுத்த சிலருக்கு ஈராண்டுப் பயிற்சியும் அதன்பின் மூவாண்டு கற்பிக்கும் கடமையும் ஏற்பட்டன. குருத்துவப் பயிற்சிக்குள் பள்ளி ஆசிரியப் பயிற்சியும் இவ்வாறு அடங்கிற்று. ஹாலேயிலிருந்து வந்தவர்கள் நம் நாட்டில் ஆலயமும் பள்ளியும் ஒருங்கே எழுப்பியதன் காரணம் இப்பழக்கத்தில் இருக்கிறது. பெடகோகியத்தில் கற்பித்த யோகான் யூலியஸ் ஹெக்கர் 1747-இல் பெர்லினில் ரியால்ஷூலே எனும் பொருட்கல்விப் பள்ளியை நிறுவினார். சொற்களை மட்டுமன்றிப் பொருள்களையும் கற்பிக்கும் பள்ளி என்பது அதன் கருத்து.

பொருள் என்றவுடன் அநாதை இல்லத்தின் காட்சிக்கூடம் நினைவுக்கு வருகிறது. 1698-இல் தொடங்கிய இச்சேகரிப்பு, 1741-இல் கிருண்ட்லர் என்னும் ஓவியரின் கையால் இல்லத்தின் மேல்மாடத்தில் ஒழுங்குபடுத்தப்பட்டது. சிப்பிகள், கற்கள், பதப்படுத்திய விலங்குகள், பிற நாட்டு ஆடைகள் எனப் பலவும் வண்ணம் தீட்டிய அலமாரிகளில் அடுக்கப்பட்டன. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கஸ் அமைப்பும், பூமியை நடுவில் வைத்த டைக்கோ பிராகே அமைப்பும் பெரிய மாதிரிகளாகச் செய்யப்பட்டு இரண்டுமே மாணவர்க்குக் காட்டப்பட்டன. பக்தி இயக்கத்தார் அறிவுக்கு அஞ்சினர் என்போர் இவ்விரு மாதிரிகளை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற பொருள்களும் அக்கூடத்தில் இடம் பெற்றன. தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயில் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ் எழுத்துகளை ஹாலேயிலேயே வார்த்து 1713-இல் தரங்கம்பாடிக்கு அனுப்பினர். நாடு திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சேயிடம் அங்கேயே சுவார்ட்சு தமிழ் கற்றார். இவ்வளவு வரவேற்பும் உண்மையே.

ஆனால் 1713-இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் நூலொன்று எழுதி அனுப்பினார். தமிழரின் நூல்களைப் படித்தும் தமிழரோடு உரையாடியும் திரட்டிய செய்திகள் அதில் இருந்தன. சொந்த அச்சகம் வைத்திருந்த ஹாலே அதை அச்சிடவில்லை. 1721-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தியான் வோல்ப், சீனரின் ஒழுக்கநெறியைப் புகழ்ந்து உரையாற்றினார். பிராங்கேயும் யோவாகிம் லாங்கே முதலான இறையியலாரும் அவரை எதிர்த்தனர். 1723-இல் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்கு என்று பிரஷ்ய அரசர் ஆணையிட்டார்.

இரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்குமிடத்து நமக்கு ஒன்று தெளிவாகிறது. பிற நாட்டாரின் பொருள்களுக்கு ஹாலே அலமாரி செய்தது. அவர்களுடைய சிந்தனையைச் செவிமடுக்க அது ஆயத்தமாயில்லை. பிள்ளைகள் ஓலைச்சுவடியைக் கண்டனர். அதில் எழுதியிருந்ததை அவர்களுக்கு எவரும் படித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. சுவடியின் உட்பொருளைப் படித்து எழுதிய ஒருவரின் கையெழுத்துப் படியோ பெட்டியில் கிடந்தது. 1867-இல், எழுதிய 154 ஆண்டுகளுக்குப் பின், வில்ஹெல்ம் கெர்மன் அதனைச் சென்னையில் அச்சேற்றினார்.